பி-7 எனக் குறியிடப்பட்டது

தீர்ப்பைத் திறந்தபோது ஐவியின் வலது கை சோற்றில் இருந்தது. இடது கையால்தான் மவுஸை உருட்டினாள். பதினெட்டுப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம். சாப்பிட்டுக்கொண்டே முதல் நான்கு பக்கத்தை மேய்ந்துவிட்டால் பின்னேரத்துக்குள் பத்தியை எழுதி முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆள் ஒரு கணக்குப் போட்டால் ஆண்டவர் வேறொன்று போடுகிறார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, துணிக்கடை மாடியில் சட்டத்தரணி ஷிஹாமின் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஐவி பதினான்கு வருடமாகக் கிளார்க். மனுக்களைத் தட்டச்சு செய்வது, கட்சிக்காரரைச் சமாதானப்படுத்துவது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்வது என்று எல்லாம் அவள் தலையில்தான். சட்டக் கல்லூரி வாசலை அவள் மிதித்ததில்லை. ஆனாலும் மாதமிருமுறை வருகிற ஒரு பத்திரிகையில் 'உறுப்புரை' என்ற பத்தியை எழுதுவது அவள்தான். நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் என்ன சொன்னது, அரசியலமைப்பில் அதற்கு எங்கே இடம் இருக்கிறது, அதனால் தேயிலைத் தோட்டத்து ஆளுக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று அறுநூறு சொல்லில் புட்டுப்புட்டு வைப்பாள். கீழே போடுகிற பெயர் சட்டச்செல்வன். பத்திரிகை ஆசிரியர் கந்தப்பன் வைத்த பெயர் அது. வாசகர்கள் எல்லாரும் அவரை வழுக்கைத் தலையும் கறுப்புக் கோட்டுமாக ஒரு பெரியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐவிக்கு உள்ளூர அதில் ஒரு சிரிப்பும் பெருமையும் உண்டு. பொய் சொல்வானேன், பெருமைதான் கூட.

இந்தத் தீர்ப்பைக் கந்தப்பன்தான் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "நம்ம பக்கத்துப் பிள்ளையோட கேசு. ரெண்டு ஜட்ஜ் ஒரு பக்கம், ஒரு ஜட்ஜ் மறுபக்கம். சூடு குறையிறதுக்குள்ள எழுதிருங்க" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

மனுதாரர் பெயர் நிஷாந்தி. நோர்வூட் பக்கம், ஆர்ட்லீ தோட்டம், கீழ் டிவிசன். குடும்பநல மாது வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. அவள் வாங்கிய புள்ளியை விடக் குறைந்த புள்ளி வாங்கியவர்களுக்கு நியமனம் போயிருக்கிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற, அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை மீறப்பட்டது என்பது அவள் வழக்கு. அவளுக்கு வயது எல்லை முடிந்துவிட்டது, இனி விண்ணப்பிக்கவே முடியாது என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. நல்ல வழக்கு என்று ஐவி நினைத்துக்கொண்டாள். வெல்ல வேண்டிய வழக்கு.

ஆனால் வழக்கு புள்ளி வரைக்கும் போகவே இல்லை. காலத்தில் இடறி விழுந்திருந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். நூற்று இருபத்தாறாம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. நிஷாந்தி வந்தது ஒன்பது மாதம் கழித்து. ஏன் இவ்வளவு தாமதம்? ஒன்பதாம் பக்கத்தின் இரண்டாவது பந்தியில் பதில் இருந்தது.

'மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டால் ஒரு மாதக் கணக்கு நின்றுவிடும் என்று மனுதாரர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வெளிவந்த பத்தியை பி-7 எனக் குறியிட்டு இணைத்திருக்கிறார். பத்தியின் தலைப்பு உறுப்புரை. எழுதியவர் தம்மைச் சட்டச்செல்வன் என்று அழைத்துக்கொள்ளும் ஒருவர்.'

ஐவி வாயில் இருந்த சோற்றை விழுங்கவில்லை. மென்றது மென்றபடி நின்றுவிட்டது. மறுபடி படித்தாள். சட்டச்செல்வன் என்ற பெயர் ஆங்கில எழுத்தில், தடித்த கறுப்பில், உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நடுவில் இருந்தது. பதினான்கு வருடத்தில் எத்தனையோ தீர்ப்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அதற்குள்ளிருந்து தன் பெயரே எழுந்து அவளைப் பார்க்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

கையைக் கூடக் கழுவாமல் பழைய கோப்புகளைத் திறந்தாள். இரண்டரை வருடத்துக்கு முந்தைய பத்தி. கடைசிப் பந்தி இப்படி முடிந்திருந்தது: 'ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்து விட்டால் கடிகாரம் நின்றுவிடும். முத்திரை குத்திய பிரதி கையில் இருக்கும்வரை நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்: எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?'

அதற்கு முந்தைய கைப்பிரதியும் அதே கோப்புறையில் இருந்தது. அதில் முத்திரைக்கும் முன்னோருக்கும் நடுவே இன்னொரு வாக்கியம் இருந்தது. 'முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்க வேண்டும்.' பதினொரு சொல். அன்றைக்குக் கந்தப்பன் தொலைபேசியில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. "பத்துச் சொல்லு கூடிப்போச்சு ஐவி, எதையாச்சும் வெட்டுங்க." பழமொழியை வெட்ட மனம் வரவில்லை. முடிவு எடுப்பாக இருக்க வேண்டும் அல்லவா? சட்டத்தை வெட்டிவிட்டாள்.

அவளைச் சும்மா திட்டவும் முடியாது. றொசல்லத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு முத்திரை என்றால் அது முடிந்துபோன காரியம். தோட்டத்தில் லீவுத் துண்டு ஆகட்டும், சங்கத்துக்குக் கொடுக்கிற முறைப்பாடு ஆகட்டும், இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீல் வாங்கி வருவார்கள். அந்தச் சீல் துண்டு பிறப்புச் சான்றிதழோடும் மாதா படத்தோடும் ஒரே ஷொப்பிங் பையில் போய் அலுமாரி மேல் ஏறும். பிறகு காத்திருப்பார்கள். அவள் அப்பா கஸ்பர், கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று கொடுத்த முறைப்பாட்டின் சீல் துண்டைப் பதினொரு வருடம் பத்திரமாக வைத்திருந்தார். மழை பெய்கிற நாளில் வாளியை வைத்துவிட்டு, "குடுத்தாச்சு, சீல் இருக்கு" என்பார். சீல் அடித்தால் கடிகாரம் நிற்கும் என்று ஐவியின் கையே நம்பியது. அதனால்தான் அந்த ஒரு வாக்கியத்தை வெட்டும்போது கை கொஞ்சமும் கூசவில்லை.

மிச்சத் தீர்ப்பையும் படித்தாள். பெரும்பான்மை இரண்டு பேரும், பத்திரிகைப் பத்தி சட்டம் ஆகாது, அதை நம்பி உட்கார்ந்திருந்தவருக்கு நீதிமன்றம் அனுதாபப்படலாமே தவிர உதவ முடியாது என்று முடித்திருந்தார்கள். மாறுபட்ட நீதியரசர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது, ஆனால் இந்தப் பெண்ணின் உரிமை பற்றிய தீர்ப்புகளை அரசு அவள் மொழியில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, ஒரு பத்திரிகை கொடுத்தது, அது பிழையாகக் கொடுத்ததற்கு அவளையா தண்டிப்பது என்று கேட்டிருந்தார். மூன்று நீதியரசர்களும் வரிக்கு வரி முரண்பட்டார்கள். ஒன்றில் மட்டும் ஒத்துப் போனார்கள்: அந்தப் பத்தி பிழை.

கோர்ட்டிலிருந்து வந்த ஷிஹாம், சோற்றில் ஈ உட்கார்ந்திருப்பதையும் ஐவி அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதையும் கண்டு பயந்துபோனார். "என்ன ஐவி? வீட்ல யாருக்கும் ஏதுமா?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ்" என்றார். குரலைத் தாழ்த்தி, "நீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கும் கந்தப்பன் அண்ணனுக்கும் மட்டுந்தான் சேர்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். நான் உங்களக் காப்பாத்தச் சொல்லல்ல, வெளங்குதா? சட்டத்தரணி இல்லாத ஒராள் என்ட ஒபிஸ்ல இருந்து சட்ட ஆலோசனை எழுதினதுன்னு வந்தா உங்களுக்கு வேலையும் போகும், எனக்கும் நோட்டீஸ் வரும். அந்தப் பிள்ளைக்கு அதால ஒண்ணும் திரும்பக் கிடைக்கப் போறதில்ல. தீர்ப்பு தீர்ப்புதான்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. ஐவி எழுந்துபோய்ச் சோற்றைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். சாயங்காலம் கந்தப்பன் வேறு அழைத்து உசுப்பேற்றினார். "பாத்தீங்களா, நம்ம பத்தி உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருச்சு! அந்தப் பெரும்பான்மை ரெண்டு பேரையும் ஒரு பிடி பிடிங்க. மாறுபட்ட தீர்ப்பத் தூக்கி வைங்க. ஏழைக்கு ஒரு சட்டமான்னு கேளுங்க."

ஐவி கேட்டாள். அன்று இரவே உட்கார்ந்து எழுதினாள். வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, அது நன்றாக வந்தது. மொழி உரிமை, சமத்துவம், நீதிமன்றத்தின் ஈரமில்லாத மனம் எல்லாம் இடம் இடமாக அமர்ந்தன. பி-7 பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. படித்துப் பார்த்தபோது தானே கண்கலங்குகிற அளவுக்கு நன்றாக இருந்தது. தான் செய்ததை மறைக்க எழுதியதற்குத் தானே அழுதால் அந்த ஆள் எந்த ஜாதி என்று அவளுக்கே திடுக்கென்றது. கோப்பை மூடிவிட்டாள். அனுப்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு நோர்வூட் பஸ் ஏறினாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமலே திரும்பி விடலாம் என்றும் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டேதான் வந்தது.

நிஷாந்தி பிள்ளைக்காம்பராவில் இருப்பதாகச் சொன்னார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்து அறை அது. துணித் தொட்டில்கள் ஆறு தொங்கின. ஒல்லியான ஒரு பெண் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, பி-7 தொங்கியது.

ஐவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் எழுத்தைக் கடையில் பொட்டலமாகப் பார்த்திருக்கிறாள். இப்படி ஆணி அடித்துப் பார்த்ததில்லை.

"யாருங்க வேணும்?"

"நான் ஹட்டன்ல ஒரு லோயர் ஒபிஸ்ல இருந்து வாறேன். ஒங்க தீர்ப்பப் படிச்சேன்."

நிஷாந்தியின் முகம் மலர்ந்தது. தோற்றவள் முகம் அப்படி மலரும் என்று ஐவி எதிர்பார்க்கவில்லை. "உள்ள வாங்க மிஸ். இந்தப் பாயில ஒக்காருங்க. யாருமே வந்து கேக்கலைங்க, நீங்கதான் மொத ஆளு." கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கோர்ட்டு தப்பாச் சொல்லிருச்சு மிஸ். அவங்களுக்குத் தெரியல. இந்தா பாருங்க, அந்த ஐயா எவ்வளவு தெளிவா எழுதியிருக்காருன்னு. சீல் கையில இருந்தாக் கவலையில்லன்னு இருக்குல்ல? எங்கிட்ட சீல் இருந்துச்சு. பதினோராவது நாளே போயிக் குடுத்துட்டேன்."

"ம்."

"லோயர் ஒபிஸ்ல இருக்கீங்கன்னா அந்த ஐயாவ ஒங்களுக்குத் தெரியுமா? அவருக்கு நாலு பக்கத்துக்குக் கடுதாசி எழுதி வச்சிருக்கேன். பேப்பருக்கு அனுப்புனா யாராச்சும் கிழிச்சுப் போட்டுருவாங்க. ஒங்க கையால குடுத்துருவீங்களா? அவரு ஒரு தடவ எழுதுனாப் போதும், கோர்ட்டுக்குப் புரிஞ்சுரும்."

அவள் தொட்டில் துணிக்கு அடியில் இருந்து உறையை எடுத்தாள். உறை மேல் மணிமணியான எழுத்தில் 'மதிப்பிற்குரிய சட்டச்செல்வன் ஐயா அவர்களுக்கு' என்று இருந்தது. அந்த உறையை நீட்டின கையைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் திரும்பிப் போகக் கூடியவர்கள் உலகத்தில் இருக்கலாம். ஐவியால் முடியவில்லை.

"அந்த ஐயா நாந்தான்" என்றாள்.

நிஷாந்தி சிரித்துவிட்டாள். பிறகு ஐவியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. நீட்டிய உறையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க லோயரா?"

"இல்ல. கிளார்க்கு."

"பெறகு எப்புடி எழுதுனீங்க?"

பதினான்கு வருட அனுபவம், படித்த தீர்ப்புகள், செய்த மொழிபெயர்ப்பு எதையும் ஐவி சொல்லவில்லை. வெட்டிய வாக்கியத்தை மட்டும் சொன்னாள். ஆசிரியர் பத்துச் சொல் குறைக்கச் சொன்னதையும், தான் பழமொழியை வைத்துக்கொண்டு இதை எடுத்துவிட்டதையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

நிஷாந்தி மடியில் இருந்த உறையைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப கோர்ட்டு சொன்னதுதான் சரியா?" என்றாள்.

"அந்த ஒரு எடத்துல சரிதான்."

"அந்த ஒரு வரி இருந்திருந்தா நான் ஆணைக்குழுவுக்குத் திரும்பிப் போயிருப்பேனே. பஸ்ஸுக்கு ஒண்ணரை மணித்தியாலம். வாரத்துக்கு ஒருக்கா போயிக் கேட்டு எழுதி வாங்கியிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. அதிர்ந்துபோய், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "சீல் இருக்கு, சீல் இருக்குன்னு எட்டு மாசம் இந்தத் தொட்டில ஆட்டிக்கிட்டு இருந்துட்டேனே."

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நிஷாந்தி எழுந்துபோய் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டியபடி சுவரில் இருந்த பத்தியைப் பார்த்தாள். ஐவியை ஏசுவாள், வெளியே போகச் சொல்வாள், உறையைக் கிழித்து மூஞ்சியில் எறிவாள் என்றெல்லாம் ஐவி காத்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திடீரென்று நிஷாந்தியின் கை குழந்தையின் முதுகில் நின்றது. "ஐயோ" என்றாள்.

"என்ன?"

"இத நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேனே! பிள்ளையத் தூக்கிட்டுப் போக வாறவங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கேன். எங்கேயாச்சும் அநியாயம் நடந்தா முப்பது நாளைக்குள்ள குடுத்து சீல் வாங்கி வச்சிருங்க, பெறகு பயமில்லன்னு. வாங்கி வச்சிருக்காங்க மிஸ். அந்த லயத்துலயும் இந்த லயத்துலயும் வாங்கி வச்சிருக்காங்க!"

ஐவி ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பஸ் ஏறினாள். இது லயம் லயமாகப் போயிருக்கிறது.

"எத்தன பேரு?"

"ஏழு பேர எனக்குத் தெரியும்." நிஷாந்தி குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். "நாலு மணிக்குக் கொழுந்து மடுவத்துல எல்லாரும் நிப்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

"நீங்களே சொல்லிருங்களேன். நான் எழுதித் தாறேன்."

"எழுதித் தாறீங்களா?" என்று நிஷாந்தி கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஐவிக்கு முகம் எரிந்தது.

நாலு மணிக்கு மழை தூறியது. மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் நாற்பது, ஐம்பது பேர், தலையில் படங்குச் சாக்கோடு நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, யார் இந்தப் பொம்பிளை என்று புருவத்தைத் தூக்கினார். நிஷாந்தி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தள்ளிப்போனார்.

ஐவி தன் பெயரைச் சொன்னாள். றொசல்ல கஸ்பர் மகள் என்று சொன்னாள். சட்டச்செல்வன் தான்தான் என்றும், நிஷாந்தியின் சுவரில் இருப்பது தான் எழுதியது என்றும், அதில் ஒரு வாக்கியம் குறைவு, அந்தக் குறைக்குத் தானே பொறுப்பு என்றும் சொன்னாள். சீல் வாங்கிவிட்டால் கணக்கு நிற்காது, விசாரணை நடக்கிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதம் முடிவதற்குள் உயர் நீதிமன்றத்துக்கே போய்விட வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள். இத்தனை வருடம் பேப்பரில் எழுதியபோது வராத தமிழ் அன்றைக்கு வந்தது. தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "அப்ப எங்கூட்டுச் சீலு செல்லாதா?" என்றது.

அது வீரம்மா. வீட்டுத் திட்டத்துக் காணிப் பட்டியலில் இருந்து பெயர் வெட்டுப்பட்டவள். சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். அவள் பின்னால் இன்னும் சிலர் ஓடினார்கள். பத்து நிமிடத்தில் ஷொப்பிங் பைகளோடு திரும்பி வந்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் இருந்து ஒவ்வொரு சீல் துண்டாக வெளியே வந்தது. மடிப்புக் கலையாமல், கறை படாமல், அத்தனை பத்திரமாக.

தராசு மேசையில் ஐவி அவற்றை விரித்துப் பார்த்தாள். வீரம்மாவுடையது ஏழு மாதம். அடுத்தது ஒரு வருடம். அடுத்தது ஐந்து மாதம். விசாரணைக்கான அத்தாட்சி எதனோடும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதுக்கு மேல் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீரம்மா துண்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஆறு பேருக்கும் காலம் போயிருந்தது.

ஏழாவது நாகலெட்சுமியுடையது. டவுன் பாடசாலையில் அவள் மகளை முதலாம் வகுப்புக்குச் சேர்க்க மறுத்திருந்தார்கள். லயத்து அறைக்கு வீட்டு இலக்கம் இல்லை, கரண்டு பில் அவள் பெயரில் இல்லை என்பது காரணம். மறுத்த கடிதத்தின் திகதி போன மாதம் இருபத்து நான்கு. இன்றைக்கு இருபது.

ஐவி விரலை மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நாளை வெள்ளி, பிறகு சனி ஞாயிறு, அதோடு ஒரு மாதம் முடிகிறது. உடனே தொலைபேசியை எடுத்தாள்.

"சேர், நான் சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் பேரோட சொல்லிட்டேன். நீங்க என்னைய வேலைய விட்டுத் தூக்குறதுன்னாத் திங்கக்கிழம தூக்குங்க. இப்ப ஒரு பன்னிரண்டாம் உறுப்புரை மனு இருக்கு. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கொழும்புக் கோர்ட்டுல பாரப்படுத்தணும்."

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க ஐவி" என்றார் ஷிஹாம். பிறகு அவர் மேசையில் பேனா தேடுகிற சத்தம் கேட்டது. "அந்தத் தாயக் கூட்டிட்டு, மறுத்த கடிதத்தையும் எடுத்துட்டு வாங்க. பிள்ளைட பேர்த் சேர்ட்டிபிகட் ஒரிஜினல் வேணும். மத்ததப் பிறகு பேசுவம்."

நாகலெட்சுமி கொழுந்துக் கூடையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் பஸ்ஸுக்கு நடக்கப் பார்த்தாள். நிஷாந்திதான் பின்னால் போய்க் கயிற்றை அவள் தலையில் இருந்து எடுத்தாள். காலம் தப்பிய ஆறு பேரும், கையில் துண்டோடு, அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று இன்னும் அவர்களுக்குள் இறங்கவில்லை. நாளைக்கு இறங்கும், அப்போது கோபம் வரும், வர வேண்டும் என்று ஐவி நினைத்தாள்.

பாதை முடக்கு வரைக்கும் நிஷாந்தி கூட வந்தாள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும், ஜக்கெட் பையில் இருந்து ஒன்றை எடுத்து ஐவியிடம் கொடுத்தாள். சுவரில் இருந்த பத்தி. நான்கு மூலையிலும் ஆணித் துளை கிழிந்திருந்தது.

"அடுத்த பேப்பர்ல ஒங்க பேரப் போட்டு எழுதுங்க" என்றாள். "எங்களப் பத்தி எழுதுங்க, கோர்ட்டப் பத்தி எழுதுங்க, அது ஒங்க இஷ்டம். ஆனா அந்த வரிய மொதல்ல போடுங்க."

"போடுறேன்."

"எடம் பத்தலன்னா?"

ஐவி கையில் இருந்த பத்தியின் கடைசி வரியைப் பார்த்தாள்.

"பழமொழிய வெட்டுங்க" என்றாள் நிஷாந்தி. சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளைகளிடம் திரும்பி நடந்தாள்.